தொலைக்கல்வியில் நேர்சிங்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் சேருமுன் படிக்க

கல்லடியில் பஸ்ஸுக்கு நின்ற ஒருநாள், உயர்தரம் எழுதி முடித்த ஒரு பிள்ளை என் யூனிபோமைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து கேட்டாள்: "மிஸ், ஓப்பன் யூனிவர்சிட்டியில் நேர்சிங் டிகிரி செய்தால் நேர்ஸ் ஆகலாமா?" ஆக முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது. "நேர்ஸ் ஆனபிறகு அதைச் செய்யலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கல்முனை பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மூன்று வருட டிப்ளோமா முடித்து, வாட்டில் வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவள். அந்தப் பட்டத்தை நம்பி எங்கெல்லாம் போகலாம், எங்கே கதவு திறக்காது என்பதில் பாதியைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் வரிசை பிழைக்கக் கூடாது

நேர்சிங்கில் இரண்டு வகைப் படிப்பு உண்டு. ஒன்று உங்களை நேர்ஸ் ஆக்கும் படிப்பு. மற்றது ஏற்கெனவே நேர்ஸாக இருப்பவரை மேலே கொண்டுபோகும் படிப்பு. தொலைக்கல்வியாக நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

இலங்கை திறந்த பல்கலைக்கழகம் 1994-இல் தாதியியல் பட்டத்தைத் தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தது கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம். நாட்டின் முதல் நேர்சிங் டிகிரி அதுதான். அப்போதே அது டிப்ளோமாவோ சான்றிதழோ முடித்துப் பதிவு பெற்று, வேலையில் இருந்த நேர்ஸ்மாருக்காக உருவானது. இந்தியாவின் இந்திரா காந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகம் (இக்னோ) நடத்தும் போஸ்ட் பேசிக், அதாவது அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய, நேர்சிங் டிகிரியும் இதே மாதிரித்தான், பதிவு பெற்ற நேர்ஸுக்கு மட்டும். காரணம் லேசானது. ஊசி போடுவதையும், பிரசவ வாட்டில் நிற்பதையும், மூச்சுத் திணறுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்ப்பதையும் தபாலிலோ சூமிலோ படிக்க முடியாது.

அப்படியென்றால் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு எது வழி? எங்கள் பக்கத்தில் இரண்டு நேர் வழிகள் உண்டு. ஒன்று அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி. மட்டக்களப்பிலும் இருக்கிறது, அம்பாறையிலும் இருக்கிறது. சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும்போது உயர்தரத்தில் எந்தப் பிரிவு, எத்தனை பாடம், வயதெல்லை என்ன என்பதெல்லாம் அறிவித்தலில் இருக்கும். அது வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் அக்காமார் சொன்னதை வைத்துக்கொண்டு இருக்காமல் அறிவித்தலையே படியுங்கள். மூன்று வருடப் படிப்பு, படிக்கும்போதே கொடுப்பனவு, முடிந்தால் அரச நியமனம். மற்றது பல்கலைக்கழகம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் நேரடி நேர்சிங் டிகிரி நடத்துகிறது. அதற்கு இசட் புள்ளி வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த இரண்டும் கிடைக்காத பிள்ளைகளைத் தேடித்தான் "ஆறு மாத ஒன்லைன் நேர்சிங் டிப்ளோமா, வெளிநாட்டு வேலை உறுதி" என்ற துண்டுப் பிரசுரங்கள் வருகின்றன. எங்கள் வாட்டுக்கு நோயாளியாக வந்த ஒரு அம்மா, மகள் படித்த அப்படியொரு சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். தங்க நிற முத்திரை, அழகான எழுத்து எல்லாம் இருந்தது. எத்தனை மணிநேரம் எந்த வைத்தியசாலையில் பயிற்சி என்று எழுதவேண்டிய இடம்தான் அதில் இல்லை. எனக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அந்தச் சான்றிதழால் ஒருவேளை வீட்டில் முதியவரைப் பார்க்கும் வேலை கிடைக்கும். நேர்ஸ் என்ற பதிவு கிடைக்காது.

ஒரு படிப்புக்குக் காசு கட்டுமுன் ஒரே கேள்வி போதும்: "இதை முடித்தால் இலங்கைத் தாதியர் சபையில் என் பெயர் பதிவாகுமா?" பதிலை நிறுவனத்திடம் வாங்காதீர்கள், சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவுதான் அடித்தளம்

தாதியர் சபை, எங்கள் வாயில் நேர்சிங் கவுன்சில், 1988-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. மருத்துவ சபை வேறு. டொக்டர்மாரோடு மருத்துவிச்சிமாரும் அங்கே பதிகிறார்கள். நேர்ஸ்மார் பதிவது தாதியர் சபையில். விண்ணப்பத்தைப் பிழையான இடத்துக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

டிப்ளோமாவோ நேரடி டிகிரியோ முடிந்து சான்றிதழ் கையில் வந்ததும் முதல் வேலை பதிவு. நியமனம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். திறந்த பல்கலைக்கழகம் கேட்பதும் இந்தப் பதிவு இலக்கம்தான். லண்டனும் துபாயும் கேட்பதும் இதையேதான்.

இந்த இடத்தில் ஒரு தொல்லையை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கூட வருகிறது. பெயர்.

என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயர் முன்னே, என் பெயர் பின்னே. உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்துடன் என் பெயர் மட்டும். அடையாள அட்டைக்கு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியபோது 'தா'-வுக்கு டி, எச், ஏ போட்டார். பயிற்சிக் கல்லூரியில் எச் இல்லாமல் எழுதினார்கள். பாஸ்போர்ட்டில் கடைசி 'ஏ' இரட்டிப்பாகிவிட்டது. வாட்டில் எல்லோரும் என்னை ஒரே ஆளாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மணிலாவிலோ துபாயிலோ உட்கார்ந்து கடதாசி பார்க்கிற ஒருவருக்கு நாங்கள் மூன்று பேர். வெளிநாட்டுச் சரிபார்ப்புக்கு நான் முதல்முறை போட்ட விண்ணப்பம் இந்த ஒற்றை எழுத்தால் திரும்பி வந்தது. கட்டிய காசு திரும்பி வரவில்லை. பெயரைத் திருத்தித் தாருங்கள் என்று ஒரு அலுவலகத்துக்கு நாலு தரம் அலைந்தேன். நாலாவது தரம் போனபோது அந்தக் கிளார்க் லீவு.

அதனால் பதிவுக்கு விண்ணப்பிக்குமுன்னே உட்கார்ந்து, பாஸ்போர்ட்டில் எப்படி வரப்போகிறதோ அந்த எழுத்தை முடிவு செய்யுங்கள். எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். பழைய கடதாசிகளில் மாறியிருந்தால் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதும் உங்கள் எழுத்துக்கூட்டலைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர் போக்கில் விட்டால் இன்னொரு ஆள் பிறந்துவிடுவார்.

வேலையும் படிப்பும்

சரி, நேர்ஸ் ஆகிவிட்டீர்கள், பதிவும் இருக்கிறது. இப்போது தொலைக்கல்வி.

திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் நாவலையில். மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் எல்லா டே ஸ்கூலும் (நேரில் போகவேண்டிய வகுப்பு) இங்கேயே நடக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். எந்தப் பாடத்துக்கு எங்கே போகவேண்டும், செய்முறை நாட்கள் எங்கே என்பதைச் சேருமுன் நிலையத்தில் கேளுங்கள். கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் இறங்கி முகம் கழுவி, வகுப்பில் இருந்து, மறுபடி இரவு பஸ்ஸில் திரும்பி நேரே டியூட்டிக்குப் போன நாட்கள் எனக்கு உண்டு. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம்.

படிப்பு ஆங்கிலத்தில்தான். பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருப்போம், ஆனால் சொந்த வசனத்தில் ஐந்து பக்கம் எழுதியிருக்க மாட்டோம். என் முதல் ஒப்படை முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஆசிரியர் கடைசியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இதில் உங்கள் வாட்டு எங்கே? அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒப்படைக்கும் எங்கள் வாட்டில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். சர்க்கரைப் புண்ணோடு வந்து, கால் எடுக்க மாட்டேன் என்று ஓடிப்போன ஏறாவூர் ஐயா ஒருவர் எனக்கு இரண்டு பாடத்தில் புள்ளி வாங்கித் தந்தார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சைக்கு எல்லோரும் உட்கார முடியாது. ஒப்படை, தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளின் புள்ளிகளைக் கூட்டி ஒரு மொத்தம் எடுப்பார்கள். ஓகாம் என்று சொல்வோம். அது போதாவிட்டால் பரீட்சைக்குத் தகுதி இல்லை, அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். இறுதிப் பரீட்சைக்கு லீவு எடுப்பார்கள், சின்னப் பரீட்சைக்கு எடுக்க மாட்டார்கள்.

ரோஸ்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் ஏழு, இரவு ஏழு முதல் காலை ஏழு. இரவு டியூட்டியில் படிக்கலாம் என்று எல்லோரும் நினைப்போம். நான் நினைத்து ஏமாந்தது அதில்தான். இரவு இரண்டு மணிக்கு வாட்டு அமைதியாக இருக்கும், புத்தகத்தைத் திறப்பேன், பத்தாவது கட்டில்காரருக்கு அப்போதுதான் நெஞ்சு வலிக்கும். டியூட்டி முடிந்து தூங்கி எழும்பிய பின்னேரம்தான் உண்மையான படிப்பு நேரம். ஓ.டி. சம்பளம் குறையும், அதையும் வீட்டில் முதலே பேசிவிடுங்கள். டியூட்டி மாற்றித் தருகிற இரண்டு தோழிகளைச் சம்பாதித்து வையுங்கள். அவர்கள் வீட்டுத் திருவிழாவுக்கு, நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் டியூட்டி எடுத்தால் உங்கள் பரீட்சைக்கு அவர்கள் எடுப்பார்கள். எங்கள் ஊரில் இந்தக் கணக்கு நன்றாக ஓடுகிறது.

பட்டம் வந்தபின் உள்ளூரில்

பட்டம் எடுத்த மறுமாதம் சம்பளம் துள்ளும் என்று நினைத்தால் மனம் நோகும். அரச சேவையில் தரம் உயர்வது சேவைக்காலம், ஈ.பி. எனும் வினைத்திறன் தடைப் பரீட்சை, வேலை மதிப்பீடு, இரண்டாம் மொழித் தேர்ச்சி என்று வேறு படிகளால். எங்கள் ஆட்கள் சிங்களத் தேர்ச்சியைத் தள்ளிப்போட்டுப் போட்டு, டிகிரி இருந்தும் சம்பள ஏற்றம் இல்லாமல் நிற்பதைப் பார்க்கிறேன். டிகிரிக்குப் பதியும் அதே வருடம் அதையும் முடித்துவிடுங்கள்.

ஆனால் டிகிரி சில இடங்களில் கைகொடுக்கும். பயிற்சிக் கல்லூரியில் போதனாசிரியராகப் போக விருப்பமென்றால், வாட்டுப் பொறுப்புக்குப் போக விருப்பமென்றால், கொழும்பிலுள்ள போஸ்ட் பேசிக் கல்லூரிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது தனி வழி, டிகிரி அதற்குப் பதிலாகாது. ஆனால் டிகிரி படித்தவர் அங்கே போய்த் திணறுவதில்லை. தொற்றுத் தடுப்புத் தாதி, பொதுச் சுகாதாரத் தாதி, டயலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு, மனநலப் பிரிவு எல்லாம் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தின் தெகியத்தகண்டிய பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். டயலிசிஸ் தெரிந்த, தமிழும் சிங்களமும் பேசும் நேர்ஸ் இந்தப் பக்கத்தில் சும்மா இருக்க மாட்டார்.

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆசை இருந்தால் வகுப்பு முக்கியம். முதல் வகுப்பு, அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலை. சும்மா 'பாஸ்' பண்ணினால் போதும் என்று முதல் வருடத்தில் அசட்டையாக இருந்தவர்கள் கடைசி வருடத்தில் இழுத்தாலும் அந்தப் புள்ளி ஏறாது. என் வகுப்பும் அப்படித்தான் போனது, போகட்டும்.

கடல் கடக்க நினைப்பவருக்கு

இங்கேதான் தொலைக்கல்வி என்ற சொல் கடிக்கும். வெளிநாட்டு நேர்சிங் சபைகள் பார்ப்பது முதலில் உங்களை நேர்ஸ் ஆக்கிய படிப்பை. அதில் எத்தனை மணி பாடம், எத்தனை மணி வாட்டுப் பயிற்சி என்பதை. அமெரிக்காவுக்குச் சான்றிதழ் மதிப்பிடும் சி.ஜி.எப்.என்.எஸ். நிறுவனம் (இப்போதைய பெயர் ட்ருமெரிட்) நான்கு துறையிலும் பாடமும் வாட்டுப் பயிற்சியும் கேட்கும்: பெரியோர் மருத்துவ சத்திரசிகிச்சை, தாய் சேய், குழந்தைகள், மனநலம். இந்த மணிக்கணக்கு உங்கள் டிப்ளோமாவில் இருக்கிறது. ஆகவே டிகிரிச் சான்றிதழை மட்டும் அனுப்பாதீர்கள், பயிற்சிக் கல்லூரியின் விபரமான டிரான்ஸ்கிரிப்டையும் (பாடவாரியான படிப்பு விபரப் பட்டியல்) சேர்த்து அனுப்புங்கள். தொலைவில் படித்த நேர்சிங் மேல் இந்தச் சபைகளுக்கு இருக்கும் சந்தேகம் எங்களுக்கு மட்டுமானதல்ல. அமெரிக்காவின் எக்செல்சியர் என்ற தொலைக்கல்வி நிறுவனத்தில் 2003 டிசம்பர் 6 முதல் சேர்ந்தவர்களுக்குக் கலிபோர்னியா சபை லைசன்ஸ் பரீட்சைக்கு இடம் கொடுப்பதில்லை. மேற்பார்வையோடு வாட்டுப் பயிற்சி இல்லை என்பதே காரணம். சொந்த நாட்டுப் படிப்புக்கே அப்படி.

வளைகுடாவுக்கு நடைமுறை ஓரளவு ஒன்றுதான். டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் டிப்ளோமா, பதிவு, அனுபவக் கடிதம் ஒவ்வொன்றையும் தந்த இடத்திடமே கேட்டுச் சரிபார்க்கும். அப்புறம் கணினிப் பரீட்சை. துபாய்க்கு அங்குள்ள சுகாதார அதிகாரசபை (டி.எச்.ஏ.), அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் திணைக்களம் (டி.ஓ.எச்.), சவூதிக்கு அவர்களுடைய சுகாதாரத் தொழில் ஆணைக்குழு என்று ஆளுக்கொரு லைசன்ஸ். வாட்டு அனுபவம் கேட்பார்கள், இரண்டு வருடம் வைத்திருந்தால் பெரும்பாலும் கதவு மூடாது. அனுபவக் கடிதத்தில் தொடங்கிய திகதி, முடிந்த திகதி, பதவி, வாட்டு, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கவேண்டும். "மிக நல்ல பிள்ளை" என்று எழுதித் தரும் கடிதத்தால் பிரயோசனமில்லை.

பிரித்தானியாவுக்கு இரண்டு பரீட்சை. முதலாவது கணினிப் பரீட்சை, மருந்துக் கணக்கு 15 கேள்வி, நேர்சிங் 100 கேள்வி. அதற்குப் பிறகு அங்கே போய் ஓஸ்கி எனும் செய்முறைப் பரீட்சை, பத்து நிலையம். அதற்கு முன் ஆங்கிலம். பொதுவான ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5. சுகாதாரத் தொழில் செய்கிறவர்களுக்கான ஓ.ஈ.டி. என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். என் அபிப்பிராயம் ஓ.ஈ.டி. பக்கம்தான். அதில் எழுதச் சொல்வது நோயாளியை அனுப்பும் கடிதம், அதைத்தான் நாங்கள் தினமும் எழுதுகிறோம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் எனும் லைசன்ஸ் பரீட்சை, 85 முதல் 150 கேள்வி வரை, ஐந்து மணிநேரம். நீங்கள் எழுதும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுக்கும். அவுஸ்திரேலியாவிலும் எங்களைப் போன்ற வெளிநாட்டு நேர்ஸ்மாருக்கு இதே என்கிளெக்ஸ், பிறகு அங்கே போய் ஓஸ்கி. அமெரிக்க விசா வரிசை நீளம், அதற்காக உள்ளூர் வேலையை விட்டுவிட்டு இருக்காதீர்கள்.

எல்லா நாடும் கேட்கும் ஒரு கடிதம் 'குட் ஸ்டாண்டிங்'. உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறது, உங்கள் மேல் குற்றச்சாட்டு இல்லை என்று தாதியர் சபை கொடுப்பது. பெரும்பாலும் அதை உங்கள் கையில் வாங்கி அனுப்ப முடியாது, சபையிலிருந்து நேராக அந்த நாட்டுச் சபைக்குப் போக வேண்டும். அதற்குக் கால அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பரீட்சை முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். முதலில் ஐ.ஈ.எல்.டி.எஸ். எடுத்துவிட்டுப் பிறகு கடதாசி சேர்க்கப் போனால் முடிவு காலாவதியாகிவிடும். கடதாசி முதலில், ஆங்கிலம் பிறகு.

அரச நேர்ஸ் என்றால் பயிற்சிக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட பாண்டை (சேவை ஒப்பந்தம்) எடுத்துப் படியுங்கள். சம்பளமற்ற லீவில் போகலாம். 2022-இல் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை வெளிநாட்டு வேலைக்கு ஐந்து வருடம் வரை இடம் கொடுத்தது. இப்போது என்ன நிபந்தனை என்பதை உங்கள் வைத்தியசாலையின் நிர்வாகக் கிளையிலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலும் கேளுங்கள். லீவு எழுத்தில் வருமுன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

ஏஜென்சி விஷயம். அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் இருக்கவேண்டும், அது காலாவதியாகாமலும் இருக்கவேண்டும். இலக்கத்தைக் கேட்டு வாங்கி 1989-க்குப் போன் பண்ணிச் சரிபாருங்கள். பிரித்தானியாவுக்கு நேர்ஸ் எடுக்கிற ஏஜென்சி விண்ணப்பதாரரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டின் நடத்தைக் கோவை. "கோப்புத் திறக்கிற காசு" என்று கேட்டாலும் அதுதான். இன்னொன்று, விசாவில் பதவிப் பெயரைப் பாருங்கள். நேர்ஸ் என்று பேசி கெயர் கிவர் (பராமரிப்பாளர்) என்று எழுதியிருந்தால் அங்கே போய் நேர்ஸ் ஆகலாம் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீது கேட்டால் "வட்ஸப்பில் அனுப்புறன்" என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக் காலையிலேயே போய்த் திருப்பி வாங்குங்கள்.